கிழித்த பான்கேக்கும் பாகில்லாத பக்லாவாவும்

புதுச்சேரிக்கு வடக்கே, சவுக்குத் தோப்புகள் கடலை நெருங்கும் இடத்தில், தையல்நாயகி ஓர் இனிப்புச் சமையற்கூடம் நடத்திவந்தார். அவருக்கு ஒரு சீடர் இருந்தார். சீடர் குருவைவிட மூத்தவர், நரைத்த மீசையுடையவர், பெயர் சவரிராயன்.

தையல்நாயகி முன்பு பள்ளியில் இலக்கணம் கற்பித்தவர். கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் ஜெர்மனியின் மலையோர ஊரொன்றிலும், பின்னர்ச் சில ஆண்டுகள் கிரேக்கத் துறைமுகமொன்றிலும் வாழ்ந்தார். இரண்டு ஊர்களிலும் அண்டை வீட்டு அடுப்புகளில் கற்றவற்றைத் திரும்பி வந்து இங்கே செய்தார். ஊரார் அவரை இன்னமும் டீச்சர் என்றே அழைத்தார்கள். சவரிராயனும் அவ்வாறே அழைத்தார். டீச்சரோ சவரிராயனை அண்ணா என்றழைத்தார். இருவருள் யார் குரு என்பது புதிதாக வருபவர்களுக்கு விளங்கச் சற்று நேரமாகும்.

சவரிராயன் பெரிய ஓட்டலொன்றில் தலைமைச் சமையற்காரராக இருந்தவர். ஒருநாள் இந்தக் கூடத்தின் பக்லாவாவை வாங்கித் தின்றார். காகிதத்தினும் மெல்லிய மாவுத்தாள்களை வெண்ணெய் தடவி அடுக்கி, நடுவே வால்நட் பொடி தூவி, சுட்டெடுத்துப் பாகு ஊற்றிய இனிப்பு அது. தின்று முடித்தவர் கையைக்கூடக் கழுவாமல், இங்கே கற்றுக்கொள்ள வரலாமா என்று கேட்டார். மறுவாரம் வந்துவிட்டார்.

கூடத்தில் ஒரே ஒரு விதி உண்டு. செய்த பண்டத்தில் குற்றம் நேர்ந்தால், அந்தக் குற்றத்தை அதன் பெயரால் சொல்லவேண்டும். "சரியாக வரவில்லை" என்பது அங்கே விடையாகாது. உப்புக் குறைவு என்னலாம். அடி தீய்ந்தது என்னலாம். மாவு புளித்தது என்னலாம். பெயர் தெரியாத குற்றத்தைத் திருத்த முடியாது என்பது டீச்சரின் எண்ணம்.

ஆனி மாதத்தில் ஒரு கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை லூக்காஸ் ஜெர்மானியர். பெண் தாஃப்னி கிரேக்கத்தவள். இருவரும் பக்கத்து ஊரில் மரம் நடும் வேலைக்காக வந்து, பல ஆண்டுகள் தங்கி, தமிழ் பேசக் கற்று, ஒருவரையொருவர் விரும்பினார்கள். கல்யாணத்துக்காக மாப்பிள்ளையின் தந்தை யோசெஃபும் பெண்ணின் தாய் எலேனியும் தத்தம் உறவினர்களோடு வந்து சேர்ந்தார்கள். விருந்தின் இனிப்பைத் தேர்ந்தெடுப்பதற்காக நால்வரும் கூடத்துக்கு வந்தார்கள்.

யோசெஃபுக்குத் தம் ஊரின் பான்கேக் வேண்டும். முட்டையின் வெள்ளையை நுரைக்க அடித்து மாவில் சேர்த்து, அகன்ற வாணலியில் உப்பவைத்து, உப்பியதை இரண்டு முள்கரண்டிகளால் தாறுமாறாகக் கிழித்து, சர்க்கரையில் புரட்டி, மேலே சர்க்கரைத்தூள் தூவித் தருவது. தம் வீட்டில் நடந்த எந்தக் கல்யாணமும் அதில்லாமல் முடிந்ததில்லை என்றார்.

எலேனிக்குப் பக்லாவா வேண்டும். தம் வீட்டில் அதில்லாமல் கல்யாணம் தொடங்கியதே இல்லை என்றார்.

பிறகு ஒருவர் இனிப்பை மற்றவர் ருசிபார்த்தார்கள். அங்கேதான் வினை வந்தது. பக்லாவா பல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்றார் யோசெஃப். எலேனி இங்கு வந்த சில நாட்களில் தோசை என்ற சொல்லைக் கற்றிருந்தார். கிழித்த பான்கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார். தாஃப்னி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னாள்.

"யாரோ கோபத்தில் கிழித்துப்போட்ட தோசை மாதிரி இருக்கிறதாம்."

யோசெஃப் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இரண்டையும் பரிமாறிவிடலாமே என்று சவரிராயன் சொன்னார். தாஃப்னி மறுத்தாள். பந்தியில் ஒரே ஒரு நீள மேசைதான் போடுகிறார்களாம். இரண்டு இனிப்பு வைத்தால் மேசை இரண்டாகிவிடும். இவர்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம் என்று அன்றே பிரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதைவிட இனிப்பே இல்லாமல் விருந்தை முடித்துவிடலாம் என்றாள். சொல்லும்போது அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

இனிப்பில்லாத கல்யாணம் என்பது சவரிராயனின் காதில் விழக்கூடாத சொல். அவர் டீச்சரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"ஒரே தட்டு," என்றார். "இரண்டும் அதில் இருக்கும். உன் அம்மாவும் தட்டைக் காலி செய்வார், உன் மாமனாரும் காலி செய்வார். இது என் வாக்கு, மகளே."

தாஃப்னி அதை இரண்டு மொழிகளிலும் சொன்னாள். யோசெஃப் வாசலிலிருந்து திரும்பி வந்து சவரிராயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எலேனி நம்பாமல் சிரித்தார். டீச்சர் மாவு சலித்துக்கொண்டிருந்தார், சலிப்பதை நிறுத்தவில்லை.

மறுநாளே சவரிராயன் தொடங்கினார்.

முதலில் பக்லாவாவைப் பொடித்துப் பான்கேக் மாவில் கலந்து சுட்டார். உப்பவேண்டியது உப்பவில்லை, நொறுங்கவேண்டியது நொறுங்கவில்லை. கூடத்தில் மாவுத்தாள் தேய்ப்பவர் மதலேன். அவர் ஒரு விள்ளல் வாயிலிட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தின்றால் கேழ்வரகுக் களி என்றும், கண்ணைத் திறந்து தின்றால் அதுவும் இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்துப் பான்கேக்கை முழுசாகச் சுட்டு, மாவுத்தாள்களில் பொதிந்து, மீண்டும் சுட்டு, மேலே பாகு ஊற்றினார். பார்க்கப் பரிசுப் பொட்டலம் போல அழகாக இருந்தது. வெட்டியபோது கத்தி சத்தமின்றி இறங்கியது.

"ஓட்டல்காரரே," என்றார் மதலேன், "ஆனி வெயிலில் அதற்குப் போர்வை போர்த்திவிட்டீர்கள். பாவம், வியர்த்துவிட்டது."

டீச்சர் ஒரு கரண்டி எடுத்துத் தின்றார்.

"குற்றம் என்ன, அண்ணா?"

"கெட்டுப்போய்விட்டது, டீச்சர்."

"எது?"

"எல்லாம்."

"எல்லாம் என்பது பெயர் இல்லை. நாம் ஒளிந்துகொள்ளும் இடம்."

சவரிராயன் மறுபடி தொடங்கினார். அடுக்கிப் பார்த்தார், சுருட்டிப் பார்த்தார், சின்னச் சின்னக் கிண்ணங்களாகச் செய்தும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பான்கேக் முழுதாக இருந்தது. பக்லாவாவும் பாகோடும் வால்நட்டோடும் முழுதாக இருந்தது. சேர்ந்தவுடன் ஒன்று கனத்தது, மற்றது தொய்ந்தது. டீச்சர் ஒவ்வொரு முறையும் தின்றார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே விடையைப் பெற்றார். அவர் எதையும் கொட்டவிடவில்லை. எல்லாவற்றையும் மதலேன் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் பிள்ளைகள் மட்டும் அந்த வாரம் முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்திய நாள் காலையில் தாஃப்னி வந்தாள். இனிப்பு எப்படி வந்திருக்கிறது என்று கேட்கவில்லை. மணப்பந்தலுக்குக் குருத்தோலை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள், விடையைக் கேட்டுக்கொண்டாள், வாணலியை ஒருமுறை பார்த்தாள், போய்விட்டாள்.

அவள் கேட்காமல் போனது சவரிராயனுக்குத் தாங்கவில்லை. சமையல் மேலாடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கள்."

"யோசெஃப் ஐயா தம் இனிப்பில் ஒரு குறையும் காணக்கூடாது. எலேனி அம்மாவும் காணக்கூடாது. இரண்டும் முழுதாக இருக்கவேண்டும். ஆனால் ஒன்றாகவும் இருக்கவேண்டும். அது எப்படி?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பின்வாசலுக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு நாவல் மரம் நின்றது. மண் அரித்ததால் அதன் அடி வெளியே தெரிந்தது. டீச்சர் மேலே கைகாட்டினார்.

"இது என்ன?"

"மரம்."

கையைக் கீழே இறக்கினார்.

"இது?"

"வேர்."

"இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

சவரிராயனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ அவரை வகுப்பில் எழுப்பி நிறுத்தியது போலிருந்தது. கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றுகொண்டு சொன்னார்.

"மரவேர்."

"மரம் என்றீர்களே. கடைசியில் ஒரு ‘ம்’ இருந்ததே. அது எங்கே?"

"கெட்டது, டீச்சர். கெடுதல் விகாரம்."

"மரம் கெட்டுப்போயிற்றா?"

"இல்லை."

"வேர்?"

"இல்லை."

டீச்சர் உள்ளே போய்விட்டார்.

சவரிராயன் மரத்தடியிலேயே நின்றார். நெடுநேரம் நின்றார். உள்ளிருந்து பார்த்த மதலேன், ஓட்டல்காரரை வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறீர்களா என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர், அவராகத்தான் நிற்கிறார் என்றார்.

சவரிராயன் உள்ளே வந்தபோது, முந்தைய நாள் செய்து, மதலேன் இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்த பண்டத்திடம் நேராகப் போனார். மேல்தாளை இரண்டு விரலால் தூக்கினார். அது ஈரத் துணிபோல வந்தது.

"நமுத்திருக்கிறது," என்றார். "டீச்சர், குற்றம் நமுப்பு. பாகு தாளில் இறங்கிவிட்டது. பான்கேக்கின் ஆவியும் அதில் ஏறிவிட்டது."

டீச்சர் தலையசைத்தார்.

சவரிராயன் மாவுத்தாள்களை வெண்ணெய் தடவி, வால்நட் தூவி, பொன்னிறமாகச் சுட்டார். பாகு ஊற்றவில்லை. தாள்கள் தொட்டாலே உடைந்தன. பிறகு பான்கேக்கை உப்பவைத்துக் கிழித்தார். அதன்மேல் சர்க்கரை போடவில்லை. தேனும் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த பக்லாவாப் பாகை வாணலியில் ஊற்றிக் கிழிசல்களைப் புரட்டினார். பஞ்சு போன்ற துண்டுகள் பாகைக் குடித்துக்கொண்டன. தட்டில் பரப்பி, மேலே தாள்களை நொறுக்கிப் போட்டார்.

மதலேன் ஒரு வாய் தின்றார். கேலி பேசவில்லை. இன்னொரு வாய் தின்றார். அப்போதும் பேசாததால் சவரிராயனுக்குப் பயமாகிவிட்டது.

"நன்றாகத்தான் இருக்கிறது," என்றார் மதலேன் கடைசியில். "ஆனால் மேலேயும் இனிப்பு, கீழேயும் இனிப்பு. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தராவது எதிர்த்துப் பேசவேண்டாமா?"

அது சரியென்று சவரிராயனுக்கும் பட்டது. எலுமிச்சை பிழிந்து பார்த்தார், தயிர் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. பின்வாசலில் போய் உலாவினார். எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார். மதலேன் தாம் அப்போதுதான் துடைத்த தரையைக் காட்டிச் சத்தம் போட்டார். வாசலிலிருந்து அடுப்பு வரை ஊதா நிறத்தில் காலடிகள் பதிந்திருந்தன.

சவரிராயன் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு மதலேனைப் பார்த்தார். பிறகு ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்.

நாவற்பழத்தைக் கொட்டை நீக்கி, ஒரு சிட்டிகை உப்போடு கூழாகக் கொதிக்கவைத்து, கிழிசலுக்கும் தாளுக்கும் இடையே வைத்தார். டீச்சர் தின்றார். நாக்கு ஊதாவாயிற்று.

"குற்றம்?"

"தட்டில் போட்டு வைத்திருந்தால் தாள் நமுக்கும். பந்தியில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அப்போதே நொறுக்கிப் போடவேண்டும்."

டீச்சர் கரண்டியை வைத்துவிட்டு, தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று மாலையில் சவுக்குத் தோப்பின் ஓரத்தில் அந்த நீள மேசை போடப்பட்டிருந்தது. ஜெர்மானியர்களும் கிரேக்கர்களும் ஊர்க்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். யோசெஃபும் எலேனியும் மட்டும் இடையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு அமர்ந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்தது. இனிப்புத் தட்டுகள் வந்தன. சவரிராயன் தாள்கள் அடுக்கிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசை நெடுக நடந்து, ஒவ்வொரு தட்டின்மேலும் கைநிறைய நொறுக்கித் தூவினார். அட்சதை போடுகிறார் பாருங்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சவரிராயன் யோசெஃபின் முன்னால் வந்தார். யோசெஃப் தட்டைப் பார்த்து, சர்க்கரைத்தூள் எங்கே என்று கேட்டார்.

அவர் எலேனியின் முன்னால் வந்தார். எலேனி ஒரு தாள்துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாகு எங்கே என்று கேட்டார்.

தாஃப்னி இரண்டு கேள்விகளையும் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு லூக்காஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். சவரிராயன் கூடையில் மீதியிருந்த தாளைத் தூவி முடிப்பதற்காக மேற்கொண்டு நடந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் ஓசை எழுந்தது. தாள் பல்லில் நொறுங்கும் ஓசை. முதலில் ஒரு வாயில் கேட்டது, அடுத்து ஒன்றில், பிறகு மேசை முழுவதும் பரவியது. காய்ந்த சவுக்குச் சருகின்மேல் பல பேர் நடப்பது போலிருந்தது. பேச்சு நின்றுவிட்டது. அவர் மேசையின் கடைசிவரை போய், திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், கடலைப் பார்த்தபடி நின்றார்.

பேச்சு மீண்டும் தொடங்கியபோது உரத்துத் தொடங்கியது. அவர் திரும்பினார்.

யோசெஃபின் தட்டு காலியாக இருந்தது. எலேனியின் தட்டும் காலியாக இருந்தது; அதை அவர் விரலாலும் வழித்திருந்தார். அவர்கள் இடையிலிருந்த நாற்காலியைக் காணவில்லை. அது பின்னால் தள்ளப்பட்டுக் கவிழ்ந்து கிடந்தது. இருவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவர் பல்லும் ஊதாவாயிருந்தன. அவர்களுக்குப் பின்னால் தாஃப்னி குனிந்து நின்று, மொழிபெயர்க்க முடியாதபடி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

இது தம் ஊர்ப் பான்கேக்கேதான். மேலே ஏதோ கொஞ்சம் தூவியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது யோசெஃபின் கட்சி. இது தம் வீட்டு இனிப்பேதான். அடியில் மெத்தென்று இருப்பதற்காக எதையோ பரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது எலேனியின் கட்சி. அவர் தம் பக்கத்து உறவினர்களைச் சாட்சிக்கு அழைத்தார். யோசெஃப் தம் தம்பியை அழைத்தார். இதற்குள் மதலேன் கையை உதறிக்கொண்டு எழுந்து, நாவற்பழம் எங்கள் கொல்லைப்புறத்தது, ஆகவே பண்டம் எங்கள் ஊருடையது என்று தமிழிலேயே அறிவித்தார். லூக்காஸ் அதையும் மொழிபெயர்த்தார். மேசையே இரைந்தது. யாரோ இன்னொரு தட்டு கேட்டார்கள். எல்லாருமே இன்னொரு தட்டு கேட்டார்கள்.

சவரிராயன் காலிக் கூடையோடு சமையற்பந்தலுக்கு விரைந்தார். டீச்சர் அங்கே கடைசி வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தட்டெல்லாம் காலி."

"நல்லது, அண்ணா."

"ஆனால் சண்டை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. இது யாருடைய இனிப்பு என்று என்னைக் கேட்கிறார்கள். செய்தவன் நான்தானே, நானே சொல்லவேண்டுமாம். நான் என்ன சொல்ல?"

டீச்சர் கிளறுவதை நிறுத்தினார்.

"அவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"யோசெஃப் ஐயா எங்களுடையது என்கிறார். எலேனி அம்மா எங்களுடையது என்கிறார். மதலேனும் எங்களுடையது என்கிறார்."

"ஒருவராவது ‘அவர்களுடையது’ என்றாரா?"

சவரிராயன் எண்ணிப் பார்த்தார்.

"இல்லை, டீச்சர். ஒருவரும் சொல்லவில்லை."

"அப்படியானால் வெந்துவிட்டது," என்றார் டீச்சர். "அடுப்பை அணைத்துவிடுங்கள், அண்ணா."